தன்னடக்கத்தைத் தானே சொல்லலாமா?

‘நான் நேர்மையானவன்’ என்று ஒருவர் எழுதினால் அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எழுதிய காரணத்தாலேயே பொய்யாகிவிடாது. ‘நான் உழைப்பாளி’, ‘எனக்குப் பொறுமை உண்டு’ என்பவையும் அப்படித்தான். ‘நான் தன்னடக்கம் உள்ளவன்’ என்ற வாக்கியம் மட்டும் இந்த வரிசையில் சேராது. இலக்கணத்தில் குறை கிடையாது, பொருளும் தெளிவு. ஆனாலும் அதை எழுதும் செயலே எழுதப்பட்டதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் ‘ஹானஸ்ட்’, ‘சின்சியர்’ என்பவற்றின் பக்கத்தில் ‘ஹம்பிள்’ என்பதையும் சேர்க்கும்போது இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் இரண்டும் உறுதிமொழிகள். மூன்றாவது, பிறர் தரவேண்டிய சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது. பணிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எழுத்தில் எப்படிக் கையாள்வது என்ற கேள்வியைத் தொட்டால், பணிவு உள்ளத்தில் இருக்கிறதா, பேச்சில் இருக்கிறதா என்ற பழைய அறக் கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது.

இந்தப் புதிருக்கு அமெரிக்க மெய்யியலாளர் ஜூலியா டிரைவர் 1989-இல் துணிச்சலான ஒரு விடை சொன்னார். ‘ஜர்னல் ஆஃப் ஃபிலாசஃபி’ இதழில் வந்த ‘அறியாமையின் அறங்கள்’ என்ற அவருடைய கட்டுரைப்படி, தன்னடக்கம் உள்ளவர் தன் மதிப்பை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே எடைபோடுகிறார். அந்தத் தவறான கணிப்பில்தான் அவருடைய தன்னடக்கம் இருக்கிறது. தனக்கு அந்தக் குணம் உண்டு என்று அறிந்துகொண்ட நொடியிலேயே கணிப்பு திருத்தப்பட்டுவிடும், குணமும் போய்விடும். அதனால்தான் ‘நான் அடக்கமானவன்’ என்பது காதில் நெருடுகிறது. தவறான நம்பிக்கை எப்படி நற்குணமாகும் என்று கேட்டால், அது மனிதர்களுக்கிடையே பொறாமையையும் உரசலையும் குறைக்கிறது என்பது அவர் பதில்.

இந்த விளக்கம் புதிரை அவிழ்த்துவிடுகிறது, ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். மிகத் திறமையான அறுவை மருத்துவர் ஒருவர் தன்னைச் சராசரி மருத்துவர் என்று உண்மையாகவே நம்பி, தன்னால் காப்பாற்றக்கூடிய நோயாளியை வேறொருவரிடம் அனுப்பிவிட்டால் அதை நற்குணம் என்று யாரும் மெச்சமாட்டார்கள். 1990-இல் அதே இதழில் மறுப்பு எழுதிய ஓவன் ஃபிளானகன், தன்னைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை, மிகைப்படுத்தாமல் இருந்தால் போதும் என்றார். தன் உயரம் எவ்வளவு என்று சரியாக அறிந்தவரும் அடக்கமானவராக இருக்க இதில் இடம் உண்டு. அறிந்த உயரத்தை எந்தச் சொல்லால், எந்த இடத்தில், யாரிடம் சொல்கிறார் என்பதே அதன்பிறகு மிஞ்சும் கேள்வி.

ஆங்கில வழக்கில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆளுக்கு உரியவை. ‘அனஸ்யூமிங்’, ‘அன்பிரிடென்ஷியஸ்’, ‘செல்ஃப்-எஃபேசிங்’ எல்லாமே ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லத் தக்கவை. முதல் சொல், தனக்குத் தனி மரியாதை எதிர்பாராதவருக்கு. இரண்டாவது, இல்லாத பகட்டைக் காட்டாதவருக்கு. வீட்டுக்கும் உணவுக்கும்கூடப் பொருந்தும். மூன்றாவது, பாராட்டு தன்மேல் விழும் நேரத்தில் பின்னுக்கு நகர்பவருக்கு. ‘டிஃபிடன்ட்’ என்பதில் தயக்கமும் தன்னம்பிக்கைக் குறைவும் கலந்திருக்கின்றன, ஆகவே அதை முழுப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ‘மீக்’ என்ற சொல் பைபிள் நடையில் உயர்ந்த குணத்தைக் குறிக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் எதிர்த்துப் பேசத் தெரியாதவர் என்ற நிழல் அதன்மேல் விழுந்துவிட்டது. பொருள்களைப் பற்றிப் பேசும்போது திசை மாறும். தன் வீட்டை ‘ஹம்பிள்’ என்று சொல்லி விருந்தினரை அழைக்கலாம். விருந்துக்குப் போனவர் நன்றிக் கடிதத்தில் அழைத்தவரின் வீட்டை அதே சொல்லால் குறிப்பிட்டால் அது அவமதிப்பு. ‘ஹம்பிள் பிகினிங்ஸ்’ என்ற தொடர் ஒருவருடைய ஏழ்மையான தொடக்கத்தைச் சொல்வதுபோலத் தெரிந்தாலும், அவர் இப்போது அடைந்திருக்கும் உயரத்தைத்தான் சொல்கிறது. உயராமலே போனவரின் வாழ்க்கை வரலாற்றில் அந்தத் தொடருக்கு வேலை இல்லை.

தன்னைக் குறைத்துச் சொல்வது பொய்யில்லையா? இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காக எடுத்துக்கொண்டவர் அரிஸ்டாட்டில். ‘நிக்கோமக்கிய அறவியல்’ நூலின் நான்காம் பகுதியில், இல்லாததை உண்டென்று பீற்றிக்கொள்பவனை ஒரு பக்கமும், இருப்பதை இல்லையென்று மறுப்பவனை மறுபக்கமும் நிறுத்தி, தன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்பவனை நடுவில் வைக்கிறார். மறுப்பவர்களிடம் அவருக்கு ஓரளவு பரிவு உண்டு. சாக்ரடீசை அந்த வகையில்தான் சேர்க்கிறார். ஆனால் அதே இடத்தில் ஸ்பார்ட்டாக்காரர்களின் உடையைச் சுட்டி, அளவுக்கு மீறிய எளிமையும் ஒருவகைத் தற்பெருமைதான் என்கிறார். வேண்டுமென்றே முரட்டுத் துணி உடுத்தி நடப்பவன், பார்ப்பவர் கண்ணைத் தன் பக்கம் இழுக்கிறான். எழுத்தில் ‘நான் ஒன்றும் அறியாதவன்’ என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டே போகும் ஆசிரியர் அணிந்திருப்பதும் அந்தத் துணிதான்.

கிறித்தவ மரபு பணிவை அரிஸ்டாட்டில் வைத்த இடத்தைவிட மிக உயரத்தில் வைத்தது. அதனாலேயே போலிப் பணிவைக் கண்டுபிடிப்பதிலும் அது கூர்மையானது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் ஏழாம் அதிகாரம் பணிவைப் பன்னிரண்டு படிகளாக அடுக்குகிறது. அவற்றில் ஏழாவது, தான் எல்லாரிலும் தாழ்ந்தவன் என்று நாவால் சொன்னால் மட்டும் போதாது, நெஞ்சாலும் நம்பவேண்டும் என்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு இதற்கு எதிர்ப்படியாகச் செருக்கின் பன்னிரண்டு படிகளை எழுதினார். ஒன்பதாவது படிக்கு அவர் கொடுத்த இடம் வியப்பளிக்கக்கூடியது: பொய்யான பாவ அறிக்கை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் தன் குற்றத்தை மறுக்காமல் மிகைப்படுத்தி ஒத்துக்கொள்கிறான். கேட்பவர்கள், இவ்வளவு பெரிய தவற்றை இவன் செய்திருக்க முடியாது என்று நினைத்து, உண்மையில் செய்ததையும் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். தன்னைத் தாழ்த்தும் சொல்லைக் கொண்டே தப்பிக்கும் வித்தை இது. மடத்துச் சுவருக்குள் ஒன்றாக வாழும் மனிதர்களை அன்றாடம் கவனித்தவருக்குத்தான் இப்படி ஒரு படி கண்ணில் படும்.

தாமஸ் அக்வினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டு மரபுகளையும் சேர்த்து ஒரு தீர்வு தந்தார். தன்னிடம் இருக்கும் நற்குணத்தை இல்லையென்று சொல்வது பொய், பொய் பாவம். பணிவுக்காகச் சொன்னாலும் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் தன்னைப் பற்றிய பெரியதைச் சொல்லாமல் விட்டுச் சிறியதை மட்டும் சொல்வதில் பொய் இல்லை. எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஓர் அறிவுரை இந்தப் பொருளில் கிடைப்பது அரிது. பரிசு பெற்ற ஆய்வாளர் தன் அறிமுகக் குறிப்பில் பரிசைக் குறிப்பிடாமல் விடலாம்; ‘என் ஆய்வு அற்பமானது’ என்று எழுதக்கூடாது. முன்னது அடக்கம். பின்னதைப் படிப்பவர் ஒன்று நம்பி ஏமாறவேண்டும், அல்லது நம்பாமல் மறுத்துப் பாராட்டவேண்டும். மறுத்துப் பாராட்டட்டும் என்றுதான் பல சமயம் அது எழுதவும் படுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் பணிவை மனிதரின் குணமாகப் பார்த்தவை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது வாக்கியத்தின் குணமாகவும் ஆனது. அறிவியலாளர் ராபர்ட் பாயில் 1661-இல் வெளியிட்ட ‘சர்ட்டன் ஃபிசியலாஜிக்கல் எஸ்ஸேஸ்’ நூலின் முகப்புக் கட்டுரையில் தன் எழுத்துமுறையை விளக்குகிறார். தன் கட்டுரைகளில் ‘பெர்ஹாப்ஸ்’, ‘இட் சீம்ஸ்’ போன்ற தொடர்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதற்கு அவர் சொல்லும் காரணம் நேரடியானது: தான் சாய்ந்திருக்கும் கருத்துகளின் உண்மையைப் பற்றித் தனக்கே முழு உறுதி இல்லை என்பதை அவை காட்டவேண்டும். கூடவே ஒரு கோடும் கிழிக்கிறார். சோதனையில் கண்ணால் கண்டதை உறுதியாகச் சொல்லலாம். அதற்கான காரணத்தைத் தயக்கத்தோடுதான் சொல்லவேண்டும். 1660-இல் தொடங்கிய ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்களிடையே இந்த நடை மதிக்கப்பட்டது. மதக் கருத்துகளுக்காக உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்தி ஓய்ந்திருந்த நாட்டில், கருத்து மாறுபட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இப்படிப்பட்ட மொழி தேவைப்பட்டது.

பாயிலின் கோட்டைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பல குழப்பங்கள் தீரும். ‘பெர்ஹாப்ஸ்’ என்பது எழுதுபவரைப் பற்றிய செய்தி தருவதில்லை. சொல்லப்படும் கருத்து எந்த அளவு உறுதியானது என்றே சொல்கிறது. ‘இன் மை ஹம்பிள் ஒப்பீனியன்’ அப்படியில்லை. அது கருத்தை விட்டுவிட்டுக் கருத்துச் சொல்பவரை வருணிக்கிறது. அதனால்தான் அந்தத் தொடருக்குப் பின்னால் மிகக் கறாரான தீர்ப்புகள் தயக்கமின்றி வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கண்டதைச் சொல்லும்போது தயங்குவதும் பாயில் காட்டிய பிழையின் மறுபக்கமே. வெப்பமானி 40 பாகை காட்டியது என்றால் காட்டியது. அங்கே ‘இருக்கலாம் போலத் தோன்றுகிறது’ என்று எழுதுவது பணிவாகாது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இந்த வாக்கியப் பணிவை வாழ்நாள் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டவர் அமெரிக்கத் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பாஸ்டனில் அச்சுத்தொழில் பழகிய சிறுவனாக இருந்தபோது அவர் கையில் ஓர் ஆங்கில இலக்கண நூல் கிடைத்தது. அதன் கடைசியில் தர்க்கம் பற்றிய சிறு பகுதி. அதில் சாக்ரடீஸ் பாணியில் ஓர் உரையாடல். பிறகு சாக்ரடீசைப் பற்றி செனபோன் எழுதிய நூலையும் தேடிப் படித்தார். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாமல் கேட்பவனைப்போலப் பேசத் தொடங்கினார். அது நல்ல நோக்கத்தோடு தொடங்கியதன்று. தன்னைவிட அறிவாளிகளையும் கேள்விகளால் சிக்கவைத்து, தனக்கும் தன் கட்சிக்கும் தகுதியில்லாத வெற்றிகளைப் பெற்றதாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் அந்த விளையாட்டை நிறுத்திவிட்டார். ‘சர்ட்டன்லி’, ‘அன்டௌட்டெட்லி’ போன்ற சொற்களைத் தவிர்த்துத் தயக்கத்தோடு கருத்துச் சொல்லும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

ஃபிலடெல்ஃபியாவில் 1727-இல் நண்பர்களோடு அவர் தொடங்கிய ‘ஜன்டோ’ என்ற விவாதக் குழுவில் இது விதியாகவே ஆனது. அறுதியிட்டுப் பேசுவதும் நேருக்கு நேர் மறுப்பதும் அங்கே தடை. மீறினால் சிறு தொகை அபராதம். ஒழுக்கத்தில் முழுமை அடைய அவர் போட்ட திட்டம் இதைவிடப் புகழ்பெற்றது. முதலில் பன்னிரண்டு நற்குணங்களைப் பட்டியலிட்டார். குவேக்கர் சமயப்பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அன்போடு எடுத்துச் சொன்னார்: உங்களை எல்லாரும் செருக்குள்ளவர் என்று நினைக்கிறார்கள், வாதத்தில் உங்கள் பக்கம் சரியாக இருந்தால் மட்டும் உங்களுக்குப் போதவில்லை, எதிராளியை அழுத்தவும் பார்க்கிறீர்கள். உதாரணங்களும் கொடுத்தார். ஃபிராங்க்ளின் பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்து, இயேசுவையும் சாக்ரடீசையும் பின்பற்றுவதே அதற்கு வழி என்று குறித்துக்கொண்டார்.

அதற்காக அவர் வைத்திருந்த குறிப்பேட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்தி, குறுக்கே பதின்மூன்று வரி. இரவில் அன்றைய நாளைச் சோதித்து, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தை முன்னிறுத்தினால் பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையானபோது, தந்தத் தகடுகளால் ஆன குறிப்பேட்டுக்கு மாறினார். சிவப்பு மையால் கட்டம், கறுப்புப் பென்சிலால் புள்ளி, ஈரப் பஞ்சால் துடைத்தால் புள்ளி மட்டும் போய்விடும்.

பணிவுக்கான பயிற்சி என்று அவர் விவரிப்பது கிட்டத்தட்ட முழுவதும் சொற்களைப் பற்றியதுதான். உறுதியைக் காட்டும் சொற்களுக்குப் பதிலாக, தனக்கு அப்படிப் படுகிறது, தற்போது அப்படித் தோன்றுகிறது என்ற பொருள் தரும் தொடர்கள். இன்னொருவர் சொன்னது தவறு என்று தெரிந்தாலும் உடனே மறுக்கும் இன்பத்தை விட்டுக்கொடுத்து, சில சூழல்களில் அது சரியாக இருக்கும், இந்தச் சூழலில் சிறிது வேறுபாடு தெரிகிறது என்று தொடங்குவது. இயல்புக்கு மாறாக முதலில் வலிந்துதான் செய்ததாகவும், பிறகு பழகிப்போய் ஐம்பது ஆண்டுகள் தன் வாயிலிருந்து அறுதியிட்ட பேச்சை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றும் எழுதுகிறார். பலனையும் மறைக்கவில்லை. உரையாடல் இனிமையானது, தன் யோசனைகளை மற்றவர்கள் எளிதில் ஏற்றார்கள், தவறு தன்னுடையது என்று தெரியவந்தபோது அவமானம் குறைவாக இருந்தது. மேடையில் சொல் தேடித் தடுமாறும் சுமாரான பேச்சாளரான தனக்குப் பொதுமன்றங்களில் அவ்வளவு செல்வாக்கு இருந்ததற்கு, நாணயத்துக்கு அடுத்தபடியாக இந்தப் பழக்கமே காரணம் என்றும் கருதினார்.

பணிவின் தோற்றத்தில் தனக்கு நல்ல வெற்றி, உண்மையில் அவ்வளவு இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதுதான் இதில் மிக முக்கியம். செருக்கை முற்றிலும் அடக்கிவிட்டதாக நினைத்தாலும், அந்தப் பணிவைக் குறித்தே செருக்கடைவேன் என்றார். 1784-இல் பாரிசுக்கு அருகே பாசியில் இருந்தபோது எழுதிய பகுதி இது. அப்போது ஐரோப்பா முழுவதும் அறிந்த பெயர் அவருடையது. பெனடிக்டின் ஏழாவது படியில் வைத்துப் பார்த்தால் ஃபிராங்க்ளின் தோற்றவர்: நாக்கு பணிந்தது, நெஞ்சு பணியவில்லை. ஆனால் அந்த அளவுகோல் அவருக்கு முழு நியாயம் செய்யவில்லை. இடம் விட்டுப் பேசும் வாக்கியம், பேசுபவரின் நெஞ்சு எப்படியிருந்தாலும், கேட்பவருக்கு உண்மையாகவே இடம் தருகிறது. எதிரில் இருப்பவர் தன் கருத்தைச் சொல்கிறார், சில சமயம் அது சரியாகவும் இருக்கிறது. தவறை ஒத்துக்கொள்வது எளிதானது என்று அவர் சொல்வதிலிருந்தே, தோற்றமாகத் தொடங்கியது நடத்தையில் வேர்விட்டிருந்தது தெரிகிறது. இளமையில் கேள்வியைப் பொறியாகப் பயன்படுத்தியதற்கும் முதுமையில் அதே சொற்களைப் பயன்படுத்தியதற்கும் உள்ள வேறுபாடு, எதிராளிக்கு வெல்ல வழி இருந்ததா என்பதுதான்.

மெய்யியலாளர் டேவிட் ஹ்யூம் இதில் வெளித்தோற்றமே போதும் என்ற பக்கம் நின்றார். 1751-இல் வந்த தம் அறவியல் ஆராய்ச்சியில், நோன்பு, தனிமை ஆகியவற்றோடு பணிவையும் சேர்த்து, யாருக்கும் பயன்படாத மடத்துக் குணங்கள் என்று ஒதுக்கினார். அதே நூலில் தன்னடக்கத்தைப் பிறருக்கு இனிமை தரும் குணங்களில் ஒன்றாக ஏற்கிறார். தன்னைத் தாழ்வாக நினைப்பது வேண்டாம், பிறர் முன்னிலையில் உயர்த்திக் காட்டாமலிருந்தால் போதும். பணிவு என்ற பெயரில் தன்னையே வெறுக்கப் பழக்கும் போதனைகளுக்கு எதிரான மருந்தாக இதை ஏற்கலாம். ஆனால் மரியாதைச் சொற்களின் உலகத்தில் எல்லாரும் ஒரே தளத்தில் நிற்பதாக ஹ்யூம் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அப்படி நிற்பதில்லை.

ஆங்கிலக் கடிதங்களின் முடிப்பு இதைக் காட்டும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் ‘ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். 1804 ஜூனில் அமெரிக்க அரசியல் தலைவர்களான அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் பரிமாறிக்கொண்ட பகைமை நிறைந்த கடிதங்களிலும் அந்த முடிப்பு இருக்கிறது. ஜூலை 11 அன்று நடந்த துப்பாக்கிச் சண்டையில் பர்ரின் குண்டு பட்ட ஹாமில்டன் மறுநாள் இறந்தார். சம நிலையில் இருந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் வெறும் மரபு. கீழே நின்று எழுதியவர்களுக்கோ அவை கட்டாயம். அக்காலத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போகும் மனு ‘ஹம்பிள் பெட்டிஷன்’ என்றே தொடங்கவேண்டியிருந்தது, மனுதாரர்கள் என்றும் பிரார்த்திப்பார்கள் என்ற உறுதியோடு முடியவேண்டியிருந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852-இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் அதே ஆண்டு பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் வரிக்கொடுமையையும், வரி வசூலிப்பதற்காக நடந்த சித்திரவதையையும் எதிர்த்து எழுந்த குரல் அது. சித்திரவதையை விசாரிக்க ஆணையம் அமைந்தது. 1855-இல் வந்த அறிக்கை குற்றச்சாட்டை உறுதிசெய்தது. பணிந்த சொற்களின் உறைக்குள் பணியாத ஒரு கோரிக்கையை வைத்து அனுப்பிய அந்த மனுவை எழுதியவர்கள், விதித்த வடிவத்தை மீறாமலே தங்கள் வேலையை முடித்தவர்கள். அந்த ஆட்சியின் எழுத்து வழக்கு போய்ச் சேர்ந்த கடைசி இடங்களில் பள்ளிக்கூடமும் ஒன்று. காய்ச்சலுக்கு ஒருநாள் விடுப்புக் கேட்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்றும் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடிக்கக் கற்கிறது. காய்ச்சல் வந்த குழந்தைக்குக் கீழ்ப்படிதலை வாக்களிக்கவேண்டிய தேவை எதுவும் இல்லை. ‘யுவர்ஸ் சின்சியர்லி’ தாராளமாகப் போதும்.

கட்டாயப் பணிவு மனிதனை என்ன செய்யும் என்பதை ஆங்கில இலக்கியத்தில் மிக ஆழமாகக் காட்டியவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1849-50-இல் தொடராக வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலின் யூரியா ஹீப், தான் மிகத் தாழ்ந்தவன் என்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டே முதலாளியின் நிறுவனத்தை மோசடியால் கைப்பற்றுகிறான். ஆங்கில வாசகர்களுக்குப் போலிப் பணிவின் பெயரே அவன்தான். ஆனால் டிக்கன்ஸ் அவன் வாயாலேயே காரணத்தையும் சொல்லவைக்கிறார். அவனும் அவன் தகப்பனும் தருமப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அங்கே காலை முதல் இரவு வரை கற்றுக்கொடுக்கப்பட்டது பணிவு ஒன்றுதான்: யாருக்குத் தொப்பியைக் கழற்றுவது, யாருக்குக் குனிவது, தன் இடம் எது. குனிந்தால் பரிசு கிடைக்கும் என்று கண்டுகொண்ட சிறுவன் அதை ஆயுதமாக்கினான். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிடம் கேட்டு வாங்கும் பணிவு நற்குணத்தை வளர்க்காது. பணிவைப் போற்றும் எந்த அறநூலுக்கும் முன் வைக்கவேண்டிய சோதனை, அதை யாரிடம் எதிர்பார்க்கிறது என்பதே.

இன்றைய எழுத்தில் பணிவுச் சொற்களுக்கு நேரும் கேடு பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. விருது வாங்குபவர், பதவி ஏற்பவர் எல்லாரும் ‘ஹம்பிள்டு’ என்று அறிவிக்கிறார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் தாழ்த்தப்படுவது. தோல்வியோ, தன்னைவிடப் பெரிதான ஒன்றின் முன் நிற்பதோ அதற்குக் காரணமாக இருக்கும். விருதின் முந்தைய பெயர்களைப் பார்த்து, இந்த வரிசையில் நிற்கத் தகுதி உண்டா என்று ஒருவர் உண்மையாகவே கலங்கினால் அந்தச் சொல் பொருந்தும். மற்ற நேரங்களில் ‘மகிழ்ச்சி’, ‘நன்றி’ என்ற பொருளுள்ள நேரான சொற்கள் போதும். நன்றி சொல்லும்போது பார்வை, கொடுத்தவர் பக்கம் போகிறது.

‘ஹம்பிள்பிராக்’ என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்றிருப்பது இதன் அடுத்த கட்டம்: புலம்பலாகவோ பணிவாகவோ வேடமிட்ட பெருமை. எந்தப் பெரிய நிறுவனத்தின் வேலையை ஏற்பது என்று தெரியாமல் தவிக்கிறேன் என்பது போன்றவை. ஒவுல் செசர், ஃபிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசுபவர்களைவிட நேராகப் பெருமை பேசுபவர்களையே மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். வேடமிட்டவர்களிடம் உண்மை குறைவாகத் தெரிந்தது. பெர்னார்டின் ஒன்பதாவது படிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேடவேண்டியதில்லை.

குறைத்துச் சொல்லும் ஆங்கில மரபில் நல்ல உதாரணங்களுக்கும் குறைவில்லை. 1953 ஏப்ரல் 25-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் டிஎன்ஏ-வின் அமைப்பை அறிவித்த வாட்சனும் கிரிக்கும், தாங்கள் முன்வைக்கும் இணைப்புமுறை மரபுப்பொருள் தன்னைத்தானே நகலெடுக்கும் வழியைச் சுட்டுவது தங்கள் கவனத்திலிருந்து தப்பவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். உள்ளூரப் பெருமிதம் நிறைந்த வாக்கியம் அது. அடக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நிரூபிக்காததை நிரூபித்ததாக அது சொல்லவில்லை, பாயிலின் கோட்டைத் தாண்டவில்லை.

மெய்யியலாளர் நிக்கலஸ் பொம்மரிட்டோ 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், தன்னடக்கம் தன்னைப் பற்றிய நம்பிக்கையில் இல்லை, கவனத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். தன் திறமையை நன்றாக அறிந்தவரும் அதிலேயே கண்ணை வைத்திருக்காமல் பிறர் பங்கையும் சூழலின் உதவியையும் பார்த்தால் அவர் அடக்கமானவர். டிரைவர் எழுப்பிய புதிருக்கும் இது எளிய விடை தருகிறது: ‘நான் அடக்கமானவன்’ என்ற வாக்கியத்தின் கண் ‘நான்’ மேலேயே இருக்கிறது. எழுதப்பட்ட மொழியில் இந்தக் குணத்தைத் தேடுபவர் பெயரடைகளை விட்டுவிட்டு, வாக்கியம் யாரைப் பார்க்கிறது, யாருக்கு இடம் வைக்கிறது என்று பார்க்கவேண்டும்.

1787 செப்டம்பர் 17 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க அரசமைப்பு மாநாட்டின் கடைசி நாளில் ஃபிராங்க்ளின் எழுதிக்கொண்டு வந்த உரை அப்படிப்பட்டது. அவருக்கு வயது 81. உடல் இடங்கொடுக்காததால் சக உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வாசித்தார். இந்த வரைவில் தற்போது தனக்கு ஒப்புதல் இல்லாத பகுதிகள் பல உண்டு, ஆனால் என்றைக்கும் ஒப்புதல் வராது என்று உறுதியில்லை. நெடுநாள் வாழ்ந்ததில், சரி என்று நினைத்த முக்கியமான கருத்துகளையே பலமுறை மாற்றிக்கொள்ள நேர்ந்திருக்கிறது என்றார். இன்னும் மறுப்புள்ள உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தான் தவறவே மாட்டேன் என்ற எண்ணத்தைச் சிறிதளவு சந்தேகித்துக் கையெழுத்திடும்படி கேட்டுக்கொண்டார். பணிவு, எளியவன் என்ற சொல் எதையும் அவர் தனக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. வரைவின் கீழ் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அன்று அவையில் இருந்த எட்மண்ட் ராண்டால்ஃப், ஜார்ஜ் மேசன், எல்பிரிட்ஜ் கெர்ரி மூவரும் மறுத்துவிட்டார்கள். குடிமக்களின் உரிமைப் பட்டியல் இல்லை என்பது மேசனின் முக்கியமான மறுப்பு. 1791-இல் முதல் பத்துத் திருத்தங்களாக அந்தப் பட்டியல் அரசமைப்பில் சேர்ந்தது.